கைத்தவறா, கள்ளச்சாவியா?

2003 நவம்பரில் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் கோடுக்குள் இரண்டு வரி புதிதாக முளைத்திருந்தது. ஒரு ப்ரோகிராம் தான் தொடங்கிவிட்ட இன்னொரு ப்ரோகிராம் முடியும்வரை காத்திருக்க, வெயிட்4 என்றொரு சிஸ்டம் கால் உண்டு. அதற்குள், "குறிப்பிட்ட இந்த இரண்டு ஆப்ஷன்களையும் சேர்த்துக் கொடுத்து, கூப்பிடுபவரின் பயனர் எண்ணும் 0 ஆக இருந்தால் பிழை என்று திருப்பி அனுப்பு" என்று எழுதியிருந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் ஒழுங்கான சோதனை. ஆனால் சி மொழியில் "சமமா?" என்று கேட்க == போட வேண்டும். அங்கே இருந்தது ஒற்றை =. ஒற்றைக் குறி கேட்காது, எழுதிவிடும். அந்த இரண்டு ஆப்ஷன்களையும் சேர்த்துக் கூப்பிட்டவரின் பயனர் எண் அந்த நொடியே 0 ஆகிவிடும். யூனிக்ஸில் 0 என்றால் ரூட், முழு அதிகாரம். எழுதிய மதிப்பு 0 என்பதால் நிபந்தனை பொய்யாகிவிடும். பிழைச் செய்தியும் வராது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எதுவும் நடந்த மாதிரியே இருக்காது.

சி கற்றுக்கொள்ளும் மாணவர்கள் அடிக்கடி செய்கிற தவறு இது. அப்படியிருந்தும் இதைக் கைத்தவறு என்று யாரும் நம்பவில்லை. காரணம் அந்த = குறியில் இல்லை, அதைச் சுற்றி இருந்தது. அப்போது கெர்னலின் மூலக் களஞ்சியம் பிட்கீப்பர் என்ற அமைப்பில் இருந்தது. சிவிஎஸ் என்ற பழைய அமைப்பைப் பயன்படுத்துவோருக்காக அதன் நகல் ஒன்று தனியாக ஒரு சர்வரில் ஓடியது. புது வரிகள் நகலில் மட்டும்தான் இருந்தன. மூலத்தில் அப்படி ஒரு மாற்றமே கிடையாது, யாரும் அனுமதித்த பதிவும் கிடையாது. யாரோ நகல் சர்வருக்குள் புகுந்து நேரே எழுதியிருந்தார்கள். இரண்டும் பொருந்தவில்லை என்று ஒப்பீட்டில் தெரிந்ததால்தான் சிக்கியது. இன்னொன்றும் உண்டு. நிபந்தனைக்குள் ஒற்றை = இருந்தால் ஜிசிசி கம்பைலர் எச்சரிக்கும்; அதைச் சுற்றிக் கூடுதலாக ஓர் அடைப்புக்குறி போட்டுவிட்டால், தெரிந்துதான் எழுதுகிறார் என்று விட்டுவிடும். அந்த அடைப்புக்குறியும் அங்கே இருந்தது.

பெரிய ஓட்டை ஒன்று வெளியே வரும்போதெல்லாம், தெரியாமல் நடந்ததா, வேண்டுமென்றே வைத்ததா என்ற சண்டை ஆரம்பமாகிறது. ஒரு பக்கம் எல்லாவற்றிலும் உளவுத்துறையைப் பார்க்கிறவர்கள், மறுபக்கம் எல்லாவற்றையும் கவனக்குறைவு என்று தள்ளிவிடுகிறவர்கள். இரண்டு பேரும் தவறான வரியையே வெறித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த வரியில் பதில் இருக்காது. கேட்க வேண்டியவை வேறு: அது எந்த வழியாக உள்ளே வந்தது? அதை யார் பயன்படுத்த முடியும், கண்டுபிடிக்கிற எல்லாருமா, சாவி வைத்திருக்கிற ஒருவர் மட்டுமா? அதை மறைப்பதற்கென்றே கூடவே வேறு ஏதாவது செய்யப்பட்டிருக்கிறதா?

விளைவு பெரிதென்றால் சதி ஆகிவிடாது

2014 பிப்ரவரி 21 அன்று ஆப்பிள் ஐஓஎஸ் 7.0.6 ஐ அவசரமாக வெளியிட்டது. இணையத் தொடர்பைக் குறியாக்கும் டிஎல்எஸ் இணைப்பில் சர்வர் அனுப்பும் கையெழுத்தைச் சரிபார்க்கும் ஃபங்ஷனில் "கோட்டு ஃபெயில்" என்ற வரி அடுத்தடுத்து இரண்டு முறை இருந்தது. முதல் வரி மேலே இருக்கும் இஃப் நிபந்தனைக்குக் கட்டுப்பட்டது. இரண்டாவது அதே அளவு உள்தள்ளி எழுதப்பட்டிருந்தாலும் எந்த நிபந்தனைக்கும் கட்டுப்படாதது, எப்போதும் ஓடும். அது ஓடும்போது பிழை எண் இன்னும் 0. 0 என்றால் வெற்றி. ஆகவே கடைசியில் நடக்க வேண்டிய கையெழுத்துச் சோதனையைத் தாண்டிக் குதித்து, "எல்லாம் சரி" என்று பதில் போய்விடும். அதே வைஃபையில் நடுவில் உட்கார்ந்திருப்பவர் அசல் தளத்தின் சான்றிதழைக் காட்டிவிட்டு, சாவிப் பரிமாற்றத்தில் தன் இஷ்டத்துக்குக் கையெழுத்துப் போடலாம். ஐஓஎஸ் 6 காலத்திலிருந்தே, அதாவது 2012 செப்டம்பரிலிருந்து இது இருந்தது.

அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏ-வின் ரகசிய ஆவணங்களை வெளியிட்ட ஸ்னோடனின் ஸ்லைடுகளில், நிறுவனங்களிடமிருந்து தரவு திரட்டும் பிரிசம் திட்டத்தில் ஆப்பிள் சேர்ந்த மாதம் 2012 அக்டோபர் என்று இருந்தது. ஒரு மாத இடைவெளி. சந்தேகப்படத் தோன்றும்தான். ஆனால் மேலே சொன்ன கேள்விகளைப் போட்டுப் பாருங்கள். ஆப்பிள் தானே வெளியிடும் மூலக் கோடிலேயே அந்த வரி பட்டவர்த்தனமாக இருந்தது. யார் கண்டுபிடித்தாலும் பயன்படுத்தலாம், சீனாவும் ரஷ்யாவும் உட்பட. மறைக்கும் ஏற்பாடு ஒன்றும் இல்லை. இரண்டு கிளைகளை இணைக்கும்போது ஒரு வரி இரட்டிப்பாவது டெவலப்பர்கள் அன்றாடம் பார்க்கிற விஷயம். கைத்தவறு என்றே நான் படிக்கிறேன். அதைவிட எனக்கு உறுத்துவது, தவறான கையெழுத்தைக் கொடுத்து "நிராகரிக்கிறதா?" என்று பார்க்கும் ஒரே ஒரு சோதனை இருந்திருந்தால் இது முதல் நாளே பிடிபட்டிருக்கும் என்பதுதான்.

லினக்ஸின் ஒரு வகையான டெபியனில் நடந்தது இன்னும் பயங்கரம். குறியாக்க லைப்ரரியான ஓப்பன்எஸ்எஸ்எல்-இன் ரேண்டம் எண் உருவாக்கும் கோப்பில், ஒரே மாதிரியான வரி இரண்டு வெவ்வேறு ஃபங்ஷன்களில் இருந்தது. நினைவகத்தைச் சோதிக்கும் வால்கிரைண்ட் கருவி, மதிப்பு வைக்காத நினைவகத்தைப் படிப்பதாக எச்சரித்துக்கொண்டே இருந்தது. அந்த எச்சரிக்கையை நிறுத்த, 2006-இல் டெபியன் தரப்பில் இரண்டு வரிகளையும் எடுத்துவிட்டார்கள். ஒன்று போனதில் பெரிய நஷ்டமில்லை. மற்றொன்றுதான் வெளியிலிருந்து வரும் எல்லாத் தற்செயல் கலவையையும் உள்ளே ஊற்றிக்கொண்டிருந்த வரி. அது போனபின் மிஞ்சிய ஒரே மாறும் பொருள் ப்ராசஸ் எண். லினக்ஸில் அது வழக்கமாக 32,768 மதிப்புகளுக்குள் அடங்கும். 2006 செப்டம்பரிலிருந்து 2008 மே 13 வரை டெபியன், உபுண்டு இயந்திரங்களில் செய்த எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து இயந்திரத்துக்குள் நுழையும் முறை) சாவிகள், சான்றிதழ்கள் எல்லாம், ஒவ்வொரு வகைக்கும் அளவுக்கும் சுமார் முப்பத்திரண்டாயிரம் சாத்தியங்களுக்குள் வந்துவிட்டன. முழுப் பட்டியலையும் போட்டுவிடலாம், போட்டார்கள். டிஎஸ்ஏ என்ற கையெழுத்து முறையின் சாவியின் கதி இன்னும் மோசம். நல்ல இயந்திரத்தில் செய்த சாவியாக இருந்தாலும், பழுதான இயந்திரத்தில் அதை வைத்து ஒரே ஒரு முறை கையெழுத்திட்டிருந்தால் அதுவும் போயிற்று என்றே கணக்கு வைக்க வேண்டியிருந்தது.

உளவுத்துறை திட்டமிட்டிருந்தால்கூட இவ்வளவு அழகாக வராது. ஆனால் அந்த டெவலப்பர் வரிகளை எடுக்கும் முன் ஓப்பன்எஸ்எஸ்எல் டெவலப்பர்களின் மடலாடற் குழுவில், எல்லாரும் பார்க்கும்படி, "இதை எடுக்கலாமா?" என்று கேட்டிருக்கிறார். ஏன் எடுக்கிறோம் என்ற காரணமும் பதிவில் இருக்கிறது. கொல்லைப்புற வாசல் வைப்பவர் முன்வாசலில் நின்று அனுமதி கேட்க மாட்டார்.

கணக்கே சாட்சி சொல்லும் இடம்

சில நேரம் ஆவணமும் வேண்டாம், வாக்குமூலமும் வேண்டாம். ஜிபிஆர்எஸ் காலத்து மொபைல் டேட்டாவை மறைக்க 1998-இல் வடிவமைத்த ஜிஇஏ-1 என்ற குறியாக்கத்துக்கு 64 பிட் சாவி. உள்ளே 31, 32, 33 பிட் கொண்ட மூன்று ஷிஃப்ட் ரிஜிஸ்டர்கள். 2021-இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் அதைப் பிரித்துப் பார்த்தபோது, முதலாவதும் மூன்றாவதும் சேர்ந்து எடுக்கக்கூடிய தொடக்க நிலைகள் 2-இன் 64-ஆம் அடுக்கு இருக்க வேண்டிய இடத்தில் 2-இன் 40-ஆம் அடுக்குதான் இருந்தன. சும்மா அமைந்ததா என்று பார்க்க, அதே மாதிரியான ரிஜிஸ்டர்களைக் குருட்டாம்போக்கில் ஒரு மில்லியன் முறை உருவாக்கிப் பார்த்தார்கள். ஒரு தடவைகூட இவ்வளவு பலவீனம் வரவில்லை. தரத்தை வகுத்த எட்சி அமைப்பு, அக்கால ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டு அப்படி அமைத்ததாக ஒப்புக்கொண்டது. 40 பிட் என்பது அந்தக் கட்டுப்பாடுகளில் அடிபட்ட எண்ணே.

காவல்துறையும் துறைமுகங்களும் பயன்படுத்தும் டெட்ரா ரேடியோவின் டிஇஏ1 குறியாக்கத்திலும் 80 பிட் சாவி உள்ளுக்குள் 32 பிட்டாகச் சுருங்குவது 2023-இல் வெளிவந்தது. அதற்கும் ஏற்றுமதி விதிதான் விளக்கம். "பேக்டோர்" (கொல்லைப்புற வாசல்) என்ற சொல்லை எட்சி ஏற்கவில்லை. சொல்லை எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும். வாங்குபவரிடம் 80 என்று சொல்லி 32 கொடுப்பதை வேண்டுமென்றே செய்தது என்றுதான் சொல்ல முடியும்.

பூட்டை மட்டும் மாற்றியவர்கள்

கைத்தவறும் கள்ளச்சாவியும் ஒன்றோடொன்று பின்னிக்கிடந்து, இன்றுவரை முழுதாகப் பிரிக்க முடியாத இடம் ஜூனிப்பர் நிறுவனத்தின் ஃபயர்வால். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

முதலில் டூயல் இசி. அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் 2006-இல் வெளியிட்ட ரேண்டம் எண் முறைகளில் இது ஒன்று. ஒரு நீள்வட்ட வளைவின் மேல் பி, க்யூ என்று இரண்டு புள்ளிகள். உள்ளே ரகசியமாக ஒரு எண் இருக்கும். அதை பி-ஆல் பெருக்கினால் அடுத்த ரகசிய எண் வரும். அந்தப் புது எண்ணை க்யூ-ஆல் பெருக்கினால் வெளியே கொடுக்கும் ரேண்டம் எண் வரும். க்யூ-வை எத்தனையால் பெருக்கினால் பி வரும் என்பது ஒருவருக்குத் தெரிந்திருந்தால், வெளியே வந்த எண்ணை அதே எண்ணிக்கையால் பெருக்குவார். கையில் அடுத்த ரகசிய எண் வந்துவிடும். அதற்குப் பிறகு அந்த இயந்திரம் உருவாக்கும் எல்லா "ரேண்டம்" எண்ணும் அவருக்கு முன்கூட்டியே தெரியும். பி-யும் க்யூ-வும் எப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டன என்று தரத்தில் விளக்கமில்லை. 2007 ஆகஸ்டில் டான் ஷூமோவும் நீல்ஸ் ஃபெர்குசனும் கிரிப்டோ மாநாட்டில் இதைச் சில ஸ்லைடுகளில் காட்டினார்கள். 2013-இல் ஸ்னோடன் ஆவணங்கள் வந்தபின் என்எஸ்ஏ மேல் இருந்த சந்தேகம் உறுதிப்பட்டது. தன் தயாரிப்பில் இதை இயல்பு முறையாக வைக்க ஆர்எஸ்ஏ என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் 1 கோடி டாலர் பெற்றதாக ராய்ட்டர்ஸ் எழுதியது. தெரிந்து பலவீனப்படுத்தவில்லை என்று ஆர்எஸ்ஏ மறுத்தது. 2014-இல் நிஸ்ட் இதைக் கைவிட்டது. ஓப்பன்எஸ்எஸ்எல்-இலும் டூயல் இசி இருந்தது, ஆனால் ஒரு பக் காரணமாக அங்கே அது வேலையே செய்யவில்லை. யாரும் பயன்படுத்தாததால் பல ஆண்டுகள் யாருக்கும் தெரியவும் இல்லை. அங்கே ஒரு கைத்தவறு கள்ள வாசலை அடைத்து வைத்திருந்தது.

ஜூனிப்பர் ஃபயர்வாலை இயக்கும் ஸ்க்ரீன்ஓஎஸ்-இன் 6.2 பதிப்பில் டூயல் இசி சேர்ந்தது. நிஸ்ட் கொடுத்த க்யூ இல்லை, தங்கள் சொந்த க்யூ. மேலும் பாதுகாப்புக்காக, டூயல் இசி தரும் எண்ணை அப்படியே வெளியே விடாமல் எக்ஸ்9.31 என்ற இன்னொரு முறைக்கு விதையாக மட்டும் கொடுப்பதாகச் சொன்னார்கள். அது உண்மையாக இருந்திருந்தால் க்யூ-வின் ரகசியம் தெரிந்தவருக்கும் ஒன்றும் கிடைத்திருக்காது. கோடு வேறு மாதிரி இருந்தது. 32 பைட் கொண்ட ஒரு பஃபர். மறு விதையிடும் ஃபங்ஷன் டூயல் இசி-யிலிருந்து 32 பைட் எடுத்து அந்தப் பஃபரில் போடுகிறது. எங்கிருக்கிறோம் என்று சொல்லும் எண்ணியை 32 என்று வைக்கிறது. அடுத்து எக்ஸ்9.31 லூப் தொடங்குகிறது: எண்ணி 31-ஐத் தாண்டாதவரை எட்டெட்டாக நகர்ந்து பஃபரை மேலெழுது என்பது அதன் விதி. இரண்டு ஃபங்ஷன்களுக்கும் பொதுவான ஒரே குளோபல் எண்ணி அது. லூப் தொடங்கும்போதே அது 32. ஆகவே லூப் ஒரு சுற்றுகூட ஓடாது. பஃபரில் ஏற்கெனவே கிடக்கும் டூயல் இசி-யின் பச்சை எண்ணே வெளியே போகிறது.

அதே 6.2 பதிப்பில்தான் இன்னொரு மாற்றமும் வந்தது. விபிஎன் இணைப்பு தொடங்கும்போது வெளிப்படையாக அனுப்பும் நான்ஸ் என்ற எண் 20 பைட்டிலிருந்து 32 பைட் ஆனது. டூயல் இசி ஒரு தடவைக்கு 30 பைட் தரும். புள்ளியின் முழு மதிப்பு 32 பைட், அதில் 2 பைட் வெட்டப்படும். தாக்குபவர் வெட்டிய 2 பைட்டை 65,536 விதமாக ஊகித்துப் பார்க்க வேண்டும். எது சரி என்று சோதிக்க அடுத்த தடவையின் எண்ணிலிருந்து கொஞ்சம் வேண்டும். 32 பைட் நான்ஸில் முதல் 30 ஒரு தடவையிலிருந்து, மீதி 2 அடுத்ததிலிருந்து. தாக்குதலுக்குத் தேவையானதும் அதுவே. 20 பைட்டாகவே இருந்திருந்தால் இந்தத் தாக்குதல் நடைமுறைக்கு ஒத்துவந்திருக்காது.

குளோபல் எண்ணி தவறா? அந்த மாதிரித் தவறை எந்த டெவலப்பரும் செய்யலாம். நான்ஸ் நீளம் மாறியது தவறா? அதற்கும் நியாயமான காரணம் சொல்லலாம். தனித்தனியே எடுத்தால் எதுவும் குற்றமில்லை. டூயல் இசி, எண்ணி, நான்ஸ் மூன்றும் ஒரே பதிப்பில், ஒன்றுக்கொன்று கச்சிதமாகப் பொருந்தி வருவதுதான் தற்செயல் என்று நம்பத் தடுக்கிறது. ஆனாலும் கையெழுத்திட்ட சாட்சி எதுவும் இல்லை.

2012-இல் வந்ததற்கு மட்டும் சந்தேகமே கிடையாது. யாரோ ஜூனிப்பரின் கோடுக்குள் புகுந்து, க்யூ புள்ளியை மாற்றித் தங்கள் சொந்த க்யூ-வை வைத்தார்கள். 6.2.0ஆர்15-இலும் 6.3.0ஆர்12-இலும் அது வெளியே போனது. வாசல், நிலை, கதவு எல்லாம் முன்பே தயாராக இருந்தன. வந்தவர்கள் பூட்டை மட்டும் கழற்றித் தங்கள் பூட்டைப் போட்டார்கள். பிறகு 6.3.0ஆர்17-இல் இன்னொன்று: எந்தப் பயனர் பெயரோடும் எஸ்எஸ்எச் அல்லது டெல்நெட்டில் நுழைய உதவும் ஒரு நிலையான பாஸ்வேர்ட். அது தற்செயல் எழுத்துக் கோவை இல்லை. டெவலப்பர்கள் பிழை தேடும்போது அச்சிட்டுப் பார்க்கும் வரி மாதிரி, சதவீதக் குறிகளும் சமக்குறிகளும் கலந்து எழுதப்பட்டிருந்தது. ஃபர்ம்வேரில் இருக்கும் எழுத்துக் கோவைகளை ஒருவர் பட்டியலிட்டுப் பார்த்தாலும் கண் அதைக் கடந்து போய்விடும். நம்முடைய மூன்றாவது கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டாம். மறைப்பதற்காகவே எடுத்த முயற்சி கைத்தவறில் இருக்காது.

2015 டிசம்பர் 17 அன்று "அனுமதியற்ற கோடு" என்று ஜூனிப்பரே அறிவித்தது. அந்த பாஸ்வேர்டோடு நிர்வாக வாசலில் நுழைந்திருந்தால் லாகில் "சிஸ்டம்" என்ற பயனர் நுழைந்ததாக ஒரு வரி விழும், ஆனால் உள்ளே வந்தவர் அதை அழித்துவிட முடியும். விபிஎன்-ஐ ஒட்டுக்கேட்டிருந்தால் எந்தத் தடமும் இருக்காது. முதல் பேட்ச் செய்தது பழைய க்யூ-வைத் திரும்ப வைத்தது மட்டுமே. டூயல் இசி-யை எடுக்கப்போவதாக 2016 ஜனவரியில்தான் சொன்னார்கள். என் பார்வையில் அந்த முதல் பேட்ச் போதாதது. திருடன் போட்ட பூட்டைக் கழற்றிவிட்டு, சாவி யாரிடம் இருக்கிறதென்று தெரியாத பழைய பூட்டையே மாட்டினார்கள்.

ஒரு புள்ளி

கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் மென்பொருளின் விவகாரத்தைப் பலரும் எழுதிவிட்டார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர், எஸ்எஸ்எச் நுழைவு அரை நொடி தாமதமாவதைத் துருவிப்போய், எக்ஸ்இசட் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ள வாசலைக் கண்டுபிடித்தார். "ஜியா டான்" என்ற பெயரில் இரண்டு ஆண்டுக்கு மேல் நல்ல பங்களிப்புகள் செய்து, நம்பிக்கை பெற்று, ரிலீஸ் போடும் அதிகாரம் வரை வந்த ஒருவரின் வேலை. தாக்குதல் கோடு சோதனைக் கோப்புகளுக்குள் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. அதை எடுத்து ஓடவிடும் பில்ட் ஸ்கிரிப்ட், எல்லாரும் பார்க்கும் கிட் மூலக் களஞ்சியத்தில் இல்லவே இல்லை, வெளியீட்டுக்காகக் கட்டிய டார் கோப்பில் மட்டும் இருந்தது. டெப் அல்லது ஆர்பிஎம் (லினக்ஸில் மென்பொருளை நிறுவும் கோப்பு வகைகள்) பொதி கட்டும்போது மட்டும், அதுவும் 64 பிட் இன்டெல் வகை லினக்ஸில் மட்டும் விழித்துக்கொள்ளும். அப்போதும் ஒரு குறிப்பிட்ட எட்448 சாவி வைத்திருப்பவருக்கு மட்டுமே திறக்கும். கேள்விகள் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: வேண்டுமென்றே வைத்தது.

எனக்கு இதில் மறக்க முடியாதது ஒரு முற்றுப்புள்ளி. எக்ஸ்இசட்டை சிமேக் என்ற பில்ட் கருவி மூலம் கட்டும்போது, லினக்ஸின் லேண்ட்லாக் என்ற சாண்ட்பாக்ஸ் வசதி (ப்ரோகிராமின் அதிகாரத்தைக் கட்டுப்படுத்துவது) இயந்திரத்தில் இருக்கிறதா என்று அறிய ஒரு குட்டி சி ப்ரோகிராமைக் கம்பைல் செய்து பார்ப்பார்கள். கம்பைல் ஆனால் இருக்கிறது, ஆகாவிட்டால் இல்லை. அந்தக் குட்டி ப்ரோகிராமின் நடுவில், ஒரு தனி வரியில், ஒரே ஒரு புள்ளி சேர்க்கப்பட்டிருந்தது. புள்ளியால் அது எந்த இயந்திரத்திலும் கம்பைல் ஆகாது. ஆகவே "லேண்ட்லாக் இல்லை" என்று சத்தமில்லாமல் முடிவாகி, சாண்ட்பாக்ஸ் அணைந்துவிடும். மாற்றங்களைக் காட்டும் திரையில் கூட்டல் குறிக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. யார் கண்ணில் படும்? வேறொருவர் சேர்த்திருந்தால் விசைப்பலகையில் விரல் பட்டுவிட்டது என்று நானே சொல்லியிருப்பேன். சேர்த்தவர் வேறு என்ன செய்தார் என்று தெரிந்த பிறகுதான் அந்தப் புள்ளியின் அர்த்தம் மாறுகிறது.

இடைப்பட்டவை

இரண்டு பெட்டியிலும் சேராத இரண்டு வகை உண்டு. ஒன்று, வசதிக்காக வைத்த வாசல். 2013 அக்டோபரில் டி-லிங்க்கின் சில ரவுட்டர்களில், பிரவுசரின் பெயர் இருக்கும் இடத்தில் ஒரு குறிப்பிட்ட எழுத்துக் கோவையை அனுப்பினால் பாஸ்வேர்டே கேட்காமல் உள்ளே விடுவது தெரிந்தது. அந்தக் கோவையைப் பின்னிருந்து படித்தால் ஒருவரின் பெயரும் "பேக்டோர்" என்ற சொல்லும் வரும். ரவுட்டருக்குள் இருக்கும் ஒரு ப்ரோகிராமே அமைப்புகளை மாற்ற வேண்டியிருந்தது, அதற்குக் குறுக்குவழியாக வைத்திருக்கலாம் என்பது கண்டுபிடித்தவரின் ஊகம். நோக்கத்தில் தெரிந்து வைத்தது, விளைவில் யாருக்கும் திறந்தது.

இன்னொன்று, தானாக வந்த ஓட்டையைத் தெரிந்தும் சொல்லாமல் வைத்திருப்பது. விண்டோஸின் கோப்புப் பகிர்வு முறையான எஸ்எம்பி-யில் இருந்த எடர்னல்புளூ ஓட்டை சாதாரண பக் தான். என்எஸ்ஏ அதைக் கண்டுபிடித்து ஐந்து ஆண்டுக்கு மேல் மைக்ரோசாஃப்டிடம் சொல்லாமல் ஆயுதமாக வைத்திருந்ததாக வாஷிங்டன் போஸ்ட் எழுதியது. 2017 மார்ச் 14-இல் பேட்ச் வந்தது, ஏப்ரலில் ஷேடோ ப்ரோக்கர்ஸ் கும்பல் கருவியை வெளியே விட்டது, மே 12 அன்று கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வன்னாக்ரை வைரஸ் பரவி பிரிட்டனின் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. இதை நான் வைத்த வாசலாகவே கணக்கிடுகிறேன். முதல் நாள் தற்செயல், அதற்கடுத்த ஒவ்வொரு நாளும் முடிவெடுத்து வைத்தது.

உங்கள் கைக்கு வந்தால்

எது என்று தெரிவதால் செய்யும் வேலை மாறுகிறது. அதனால்தான் இந்தக் கேள்விக்கு இவ்வளவு இடம் கொடுக்கிறேன்.

கைத்தவறு என்றால் பேட்ச் போட்டு, கசிந்திருக்கக்கூடியதை மாற்றினால் போதும். ஆனால் வரிசை முக்கியம். 2014-இல் ஓப்பன்எஸ்எஸ்எல்-இல் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வந்தபோது (ஒரு கோரிக்கைக்கு 64 கிலோபைட் வரை சர்வரின் நினைவகம் வெளியே போனது) செய்ய வேண்டியது: முதலில் ஓப்பன்எஸ்எஸ்எல்-ஐ 1.0.1ஜி-க்கு உயர்த்தி, அதைப் பயன்படுத்தும் எல்லாச் சேவைகளையும் நிறுத்தித் தொடங்குவது. பிறகு புது ரகசியச் சாவி. அந்தச் சாவிக்குப் புதுச் சான்றிதழ். பழைய சான்றிதழை ரத்து செய்வது. கடைசியாகத்தான் பாஸ்வேர்ட் மாற்றம். பலர் சான்றிதழை மட்டும் புதிதாக வாங்கி, கசிந்த அதே பழைய சாவியை அதற்குள் வைத்தார்கள். இன்னும் சிலர் பேட்ச் போடும் முன்பே பாஸ்வேர்டை மாற்றச் சொன்னார்கள்; புது பாஸ்வேர்டும் கசிந்தது. லைப்ரரியை மாற்றிவிட்டுச் சேவையை மறுபடி தொடங்காமல் விட்டால், நினைவகத்தில் பழைய லைப்ரரிதான் ஓடிக்கொண்டிருக்கும்.

கள்ள வாசல் என்றால் அந்த ஒரு ஓட்டையை அடைப்பது போதாது. அதை வைத்த கை வேறு எங்கெல்லாம் பட்டது என்று தேட வேண்டும். எக்ஸ்இசட்டில் அந்தக் கணக்கின் கமிட்கள் எல்லாவற்றையும், வேறு திட்டங்களுக்குக் கொடுத்தவை உட்பட, மறுபடி படித்தார்கள். பாதித்த இயந்திரத்தைச் சுத்தம் செய்வதாக நினைக்காமல் புதிதாக நிறுவுங்கள். அதில் இருந்த எஸ்எஸ்எச் சாவிகளையும் டோக்கன்களையும் செத்தவையாகக் கணக்கிடுங்கள். பதிப்பு எண்ணை அறியச் சந்தேகப்படும் ப்ரோகிராமையே ஓட்டிப் பார்க்காதீர்கள். பொதி மேலாளரிடம் கேளுங்கள்.

முன்கூட்டியே பார்க்க விரும்பினால், நீங்கள் சார்ந்திருக்கும் லைப்ரரியின் டார் கோப்பையும் அதே பதிப்பின் கிட் டேகையும் விரித்து ஒப்பிடுங்கள். பில்ட் ஸ்கிரிப்ட் உருவாக்கும் ஆட்டோகான்ஃப் கருவியைப் பயன்படுத்தும் திட்டங்களில் தானாக உருவான கோப்புகள் ஆயிரக்கணக்கான வரிகள் மாறுபடும். அதில் சலித்துப்போய்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள், எக்ஸ்இசட்டில் ஒளிந்ததும் அந்தக் கூட்டத்துக்குள்தான். அதே பதிப்பு ஆட்டோகான்ஃப் கொண்டு அந்தக் கோப்புகளை நீங்களே உருவாக்கிக்கொண்டு பிறகு ஒப்பிட்டால் மிஞ்சும் வித்தியாசம் கையளவுதான் இருக்கும். ஆட்டோகான்ஃப் படிக்கும் எம்4 கோப்புகளின் வரிசை எண்ணையும் பாருங்கள். பெரிய எண் இருக்கும் கோப்பைக் கருவி மேலெழுதாது; கள்ளக் கோப்பில் அந்த எண்ணை 30 என்று உயர்த்தி வைத்திருந்தார்கள்.

குறியாக்கத்தில் ஒரு மாறிலி கண்ணில் பட்டால், எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். எஸ்எச்ஏ-256 என்ற ஹாஷ் முறையின் மாறிலிகள் முதல் 64 பகா எண்களின் கனமூலத்திலிருந்து எடுத்தவை; யார் வேண்டுமானாலும் கால்குலேட்டரில் சரிபார்க்கலாம். க்யூ-வுக்கு அப்படி ஒரு பிறப்புச் சான்று இல்லை. சி கோடில் ஜிசிசி 6-க்குப் பிந்தைய பதிப்புகள், உள்தள்ளல் ஏமாற்றும் இடங்களைப் பொது எச்சரிக்கைகளோடு சேர்த்தே காட்டும். கிளாங் கம்பைலரில் எட்ட முடியாத கோடைக் காட்டும் எச்சரிக்கையைத் தனியாகக் கேட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும். "வசதி இருக்கிறதா" என்று பார்க்கும் பில்ட் சோதனைகளின் விடையையும் நம்பிவிடாமல் லாகில் படியுங்கள்: இருக்க வேண்டிய இயந்திரத்தில் "இல்லை" என்று வந்தால் ஏன் கம்பைல் ஆகவில்லை என்று பாருங்கள்.

பேட்ச் போட உட்காரும் முன் ஒரு வேலை. பழைய ஃபர்ம்வேரை, பழைய பொதியை, ஹாஷ் எண்ணோடு தனியாக ஒரு நகல் எடுத்து, எழுத முடியாத இடத்தில் வைத்துவிடுங்கள். ஜூனிப்பரில் எந்தப் பதிப்பில் நான்ஸ் நீண்டது, எதில் க்யூ மாறியது, எதில் பாஸ்வேர்ட் நுழைந்தது என்று ஆய்வாளர்கள் சொல்ல முடிந்ததற்குக் காரணம், ஆண்டுக்கணக்கான பழைய பதிப்புகள் யார் யாரிடமோ அழியாமல் இருந்து, அவற்றை வரிசையாக அடுக்கிப் பார்க்க முடிந்ததுதான்.